பெண் குழந்தைக்குப் பழங்காலத்துச் செல்லப்பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பெண் பிறந்திருக்கிறாள். பதிவேட்டில் எழுத ஒரு பெயர் முடிவாகிவிட்டது. ஆனால் வாயாரக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும். அது பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் கேட்கிற பெயராக இல்லாமல், பாட்டி காலத்துப் பெயராக இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது. இப்படி நினைத்து என்னிடம் யோசனை கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

செல்லப்பெயர் என்றால் பெயரைச் சுருக்குவதுதானே?

அது ஒரு வகை மட்டும். ருக்மணி ருக்கு ஆனதும் ஜானகி ஜானு ஆனதும் அந்த வகை. பதிவேட்டுப் பெயருக்கும் தனக்கும் ஒட்டோ உறவோ இல்லாமல் வீட்டில் ஓடுகிற பெயர்கள் இன்னொரு வகை: பட்டு, தங்கம், சிட்டு, ராஜாத்தி, செல்லம்மா, குஞ்சம்மா. எம். எஸ். சுப்புலட்சுமியை வேண்டியவர்கள் குஞ்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கும் சுப்புலட்சுமி என்பதற்கும் ஓர் எழுத்து உறவுகூடக் கிடையாது.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. செல்லப்பெயர் வளர்ந்து இயற்பெயரையே விழுங்கிவிடும். டி. கே. பட்டம்மாளுக்கு (1919–2009) வைத்த பெயர் அலமேலு. வீட்டில் பட்டா என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள், உலகத்துக்கு அவர் பட்டம்மாள் ஆகிவிட்டார். ஆகவே வீட்டுக்குள் மட்டும் கூப்பிடப்போகிற பெயர்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். சில பெயர்கள் வாசலைத் தாண்டிப் போய்விடும்.

பட்டப்பெயர் என்பது வேறு. அது வெளியாள் வைப்பது, பெரும்பாலும் ஏதாவது ஒரு குறையைச் சுட்டுவது. செல்லப்பெயர் வைப்பவருக்குக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் உரிமை இருக்க வேண்டும்.

பழசு என்றால் எவ்வளவு பழசு?

இன்று பெண் பெற்றவர்களுக்கு அம்மா வயதில் இருப்பவர்களின் பெயர்கள் சுதா, லதா, கீதா, உஷா. அவை இன்னும் பழசாகவில்லை, வழக்கத்திலிருந்து கொஞ்சம் விலகியிருக்கின்றன, அவ்வளவுதான். அதற்கு முந்தைய அடுக்கு, அதாவது ஏறக்குறைய 1900க்கும் 1950க்கும் இடையில் பிறந்தவர்களுடையது, இப்போது திரும்ப இனிக்கத் தொடங்கியிருக்கிறது: அலமேலு, விசாலம், கமலம், கோமதி, மரகதம், தனம், சௌந்தரம், வள்ளியம்மை, செல்லம்மாள். ஒரு பெயரைச் சுமந்த தலைமுறை கொள்ளுப்பாட்டிகளாகிப் பிறகு மறையும்போதுதான் அந்தப் பெயர் மறுபடி ஒரு குழந்தையின் முகத்தில் பொருந்துகிறது. நடுவில் இருப்பவை இன்னும் காத்திருக்க வேண்டும்.

அதற்கும் பின்னால் போக ஆசைப்படுபவர்களுக்குச் சங்க காலப் பெண்பாற் புலவர்களின் பெயர்களில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நச்செள்ளை, நக்கண்ணை, நப்பசலை என்ற பெயர்களில் முதலில் நிற்கும் 'ந' என்பது நன்மையையும் சிறப்பையும் குறிக்கும் ஒட்டு. செள்ளை என்பது பெயர், நச்செள்ளை என்றால் நல்ல செள்ளை. நப்பின்னையும் அப்படி வந்ததே. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பும் பெண்ணின் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தைக் கொஞ்சலாகச் சேர்த்திருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு நிறைவாக இருக்கிறது. இன்றைய வீட்டில் நச்செள்ளை என்று கூப்பிட முடியுமா என்றால் கஷ்டம். ஆதிமந்தியிலிருந்து மந்தி என்று சுருக்கினால் குரங்கு வந்து நிற்கும். கண்ணை, முல்லை, எயினி போன்றவை மட்டும் வாயில் நிற்கின்றன.

பெயரைச் சுருக்குவதற்குப் பழைய காலத்தில் ஏதாவது விதி இருந்ததா?

யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வாய் ஒரு விதியைப் பின்பற்றியிருக்கிறது. பத்துப் பதினைந்து பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், தானாகப் பிடிபடும்.

முதல் எழுத்து நெடிலாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு அடுத்த மெய்யோடு ஓர் உகரத்தைச் சேர்த்து முடித்துவிடுவார்கள். காமாட்சி காமு, கோமதி கோமு, பார்வதி பாரு, ஜானகி ஜானு, மீனாட்சி மீனு. முதல் எழுத்து குறிலாக இருந்தால் அடுத்த மெய் இரட்டிக்கும். ருக்மணி ருக்கு, லட்சுமி லச்சு, பத்மாவதி பத்து. இரட்டிக்காவிட்டால் இன்னொரு குறிலைக் கூட்டிக்கொள்ளும்: அலமேலு அலமு, சரஸ்வதி சரசு. எந்த வழியில் போனாலும் மொத்தம் மூன்று மாத்திரையைத் தாண்டாது. அடுக்களையிலிருந்து கூடத்துக்கு ஒரு மூச்சில் எறிய வேண்டிய சொல் அல்லவா, அதற்கு அந்த அளவுதான் சரி.

இகரத்தில் முடிபவையும் உண்டு: ராஜேஸ்வரி ராஜி, விஜயலட்சுமி விஜி, விசாலாட்சி விசாலி, கமலம் கமலி. என் காதுக்கு இவை உகரப் பெயர்களைவிட ஒரு தலைமுறை இளையவையாகக் கேட்கின்றன.

நீளமான பெயர்களில் தலையை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. கற்பகவல்லி வல்லியாவாள். திரிபுரசுந்தரி சுந்தரியாவாள்.

அலமு எனக்குப் பிடித்த பெயர்களில் ஒன்று. அலர்மேல்மங்கை, அதாவது மலரின்மேல் இருக்கும் மங்கை, என்பது அலமேலுமங்கையாகி, மங்கை உதிர்ந்து அலமேலுவாகி, கடைசியில் அலமு என்ற மூன்றெழுத்தில் வந்து நின்றது. ஒரு கூழாங்கல் ஆற்றில் உருண்டு வழவழப்பாகிற மாதிரி. மீனாட்சியில் கண் போய் மீன் மட்டும் மீனுவில் மிஞ்சியதும் இப்படி நடந்ததுதான். எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் யாரும் இவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயிரம் தடவை கூப்பிட்டுத் தேய்ந்த தேய்வு இது.

எங்கள் மகளின் பெயரே புதுசு. அதற்குப் பழைய செல்லப்பெயர் ஒட்டுமா?

நன்றாக ஒட்டும். மேலே சொன்ன வாய்விதியை அந்தப் பெயரின்மேல் செலுத்திப் பாருங்கள். கயல்விழி கயலு ஆவாள், தமிழினி தமிழு ஆவாள், யாழினி யாழு ஆவாள். கேட்கும்போது அவை எழுபது வருஷம் புழங்கிய பெயர்கள் போலவே இருக்கின்றன அல்லவா? ஆனால் பொருளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காவ்யாவைக் காவு என்று சுருக்கினால் காவு கொடுப்பது நினைவுக்கு வரும்.

சுருக்க வழியில்லாத பெயராக இருந்தால் தொடர்பை விட்டுவிடுங்கள். பதிவேட்டில் எது இருந்தாலும் வீட்டில் பட்டு என்றோ பொன்னி என்றோ அன்னம் என்றோ கூப்பிடுவதைத் தடுக்க யாருமில்லை. தாலாட்டில் வருகிற விளிகளைக் கேட்டுப் பாருங்கள்: கண்ணே, மணியே, முத்தே, மானே, மயிலே, கிளியே, பவளமே, மரகதமே. செல்லப்பெயர்களுக்கு அதைவிடப் பெரிய களஞ்சியம் தமிழில் கிடையாது. முத்து, பவளம், மரகதம், கண்மணி எல்லாம் அங்கிருந்து அப்படியே எழுந்து வந்து வீட்டில் நடமாடலாம்.

பாட்டியின் பெயரை வைத்திருக்கிறோம். அதையே சொல்லிக் கூப்பிட வீட்டில் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

செல்லப்பெயர்கள் இவ்வளவு பெருகியதற்கு இந்தத் தயக்கம் ஒரு பெரிய காரணம். பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பவற்றிலிருந்து வந்தவை. தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குபவர்கள் என்று பொருள். ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்ற வழக்கமும் அதே வீடுகளில் இருந்தது. மாமியார் விசாலாட்சி, மகளும் விசாலாட்சி. சாப்பிட வரச் சொல்லி மகளை எப்படிக் கூப்பிடுவாள் அந்த அம்மா? பாப்பா என்றாள், ராஜாத்தி என்றாள், அம்மாளு என்றாள். பதிவேட்டில் ஒரு பெயரும் வாயில் இன்னொரு பெயருமாக எத்தனையோ பெண்கள் வளர்ந்தது இப்படித்தான்.

இன்று அந்த வழக்கம் அநேகமாகப் போய்விட்டது. ஆனாலும் பாட்டி கண்முன்னே உட்கார்ந்திருக்கும்போது அவர் பெயரைச் சொல்லிக் குழந்தையை அதட்டுவது பலருக்கு நாக்கில் வராது. அதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. பாட்டியை அவருடைய அம்மா எப்படிக் கூப்பிட்டார் என்று கேளுங்கள். பாட்டி உயிரோடு இருந்தால் அவரிடமே இன்றே போய்க் கேளுங்கள். ஊருக்கெல்லாம் விசாலம் மாமியாக இருந்தவர் ஐந்து வயதில் யாருக்கோ சிட்டுவாக இருந்திருப்பார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்து முப்பது நாற்பது வருஷம் ஆகியிருக்கும். அதைப் பேத்திக்கு வைத்தால், பாட்டி பெயரும் ஆயிற்று, தயக்கமும் இல்லை. கேட்கும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள், பெயர் சரியா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பெண் குழந்தையை 'அம்மா' என்று கூப்பிடுவது பழைய வழக்கமா?

மிகப் பழைய வழக்கம், மிக அழகான வழக்கம். மகளைத் தாயாக விளிப்பது தமிழ்ப் பேச்சில் எல்லாப் பகுதியிலும் இருக்கிறது. கொங்கில் அம்மிணி, மதுரைப் பக்கம் தாயி, தென்பாண்டியிலும் செட்டிநாட்டிலும் ஆத்தா. அம்மு, அம்முலு, அம்மாளு, கண்ணம்மா, செல்லம்மா எல்லாவற்றிலும் அம்மா இருக்கிறாள். ஜெயலலிதாவும் வீட்டில் அம்முதான். அம்மு இன்று எங்கும் கேட்கிற பெயர் என்பதால் அலுத்திருக்கலாம். அம்மாளு, அம்மிணி, தாயி மூன்றும் அப்படித் தேயவில்லை. அப்பாக்கள் வாயில் தாயி என்ற சொல் எவ்வளவு கனிந்து வரும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

எந்தப் பழைய பெயர்களைத் தொடக்கூடாது?

இதில் எனக்குக் கறாரான கருத்து இருக்கிறது.

பெண் பிறந்ததே சலிப்பு என்று சொல்லும் பெயர்கள் முதலில் போக வேண்டும். வேண்டாம், போதும்பொண்ணு என்று பெண்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்ற எண்ணத்தில் வைத்தவை. இதைக் கிராமியம் என்று ரசிக்க ஒன்றுமில்லை. அந்தப் பெயரோடு பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு எழுந்து நின்ற சிறுமிகளை நினைத்தால் போதும்.

குப்பம்மாள், குப்பாயி, பிச்சையம்மாள், தவிட்டம்மாள் இவற்றோடு சேர்ந்தவை அல்ல. அவை அன்பிலும் பயத்திலும் பிறந்தவை. முன்பிறந்த குழந்தைகள் தவறிப்போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்தார்கள், பிச்சையாக வாங்கினார்கள், தவிட்டைக் கொடுத்து வாங்கியதாகச் சொன்னார்கள். மதிப்பில்லாத பெயர் இருந்தால் எமன் கவனிக்கமாட்டான் என்று நம்பினார்கள். உங்கள் குடும்பத்தில் ஒரு குப்பம்மாள் இருந்திருந்தால், அவளுக்கு முன்னால் ஒரு தாய் எத்தனை குழந்தைகளைப் பறிகொடுத்தாள் என்ற கதையும் அதில் இருக்கிறது. அந்தக் கதையைப் பேத்திக்குச் சொல்லுங்கள். பெயராக வைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் கதை தெரியாத ஒருவர் காதில் அது வெறும் குப்பையாக விழும்.

நிறத்தையும் உடம்பையும் சொல்லும் பெயர்களும் வேண்டாம். வெள்ளச்சி என்பது வேலு நாச்சியாரின் மகள் பெயர், வரலாற்றில் மரியாதையான இடம் அதற்கு இருக்கிறது. இருந்தாலும் இன்று ஒரு வீட்டில் ஒருத்தியை வெள்ளச்சி என்றும் அவள் தங்கையைக் கருப்பி என்றும் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் அது நல்லதல்ல. குண்டு, குட்டை, சப்பை எல்லாம் கொஞ்சும்போது இனிக்கும். பதிமூன்று வயதில் அதே சொல் அவளைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துவிடும்.

பிறகு, பொருள் இடறும் சுருக்கங்கள். சாவித்திரியைச் சாவி என்றால் தினமும் 'சாவி எங்கே' என்று இரண்டு பொருளில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மங்களத்தை மங்கு என்றால் மங்களமே மங்கிப்போகிறது. பாரு என்பது பெயரா, பார்க்கச் சொல்வதா என்று குழம்பும். ஆனால் பாருவை நான் தள்ளமாட்டேன். நூறு வருஷமாகப் பார்வதிகள் அந்தக் குழப்பத்தோடு சந்தோஷமாக வாழ்ந்திருக்கிறார்கள்.

'குஞ்சு' என்று கூப்பிடலாமா?

யாழ்ப்பாணத்தில் 'என்ரை குஞ்சு' என்று சொன்னால் அதைவிடக் கனிந்த விளி இல்லை, யாரும் வேறு மாதிரி எடுக்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்குச் சிறுவர் பேச்சில் இன்னொரு பொருள் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கப்போகிறாள் என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். குஞ்சம்மா என்று அம்மா சேர்ந்தால் கொஞ்சம் தப்பும், முழுக்கத் தப்பாது.

இந்தப் பெயர்களில் ஊர்வாசனையும் சாதிவாசனையும் இருக்கிறதே?

இருக்கிறது, மறைக்க வேண்டாம். பேச்சி, இசக்கி என்றால் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துத் தெய்வங்கள் நினைவுக்கு வரும். ஒச்சாயி, ராக்காயி என்றால் மதுரைக்கு மேற்கே போய்விடுவோம். நாச்சி என்றால் சிவகங்கை, இராமநாதபுரம். பாவாயி, பாப்பாத்தி என்றால் கொங்கும் சேலமும். அலமு, ருக்கு, காமு, பட்டு என்றால் பலருக்கு அக்ரஹாரத்து மாமிகள் நினைவு வரும்.

பழைய பெயர் என்று பட்டியல் போடுபவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி வரிசையை மட்டும்தான் போடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. நாச்சி என்றால் தலைவி, ஆயி என்றால் தாய். முத்தாயி, பூவாயி, செல்லாயி, பொன்னாத்தா இவற்றைவிடக் கம்பீரமும் கனிவும் சேர்ந்த பெயர்கள் எங்கே இருக்கின்றன? ஒரு காலத்தில் இந்தப் பெயரோடு நகரத்துக்கு வந்த பெண்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெண்கள் தங்கள் மகள்களுக்கு வேறு பெயர் வைத்தார்கள், அதில் தப்பில்லை. இப்போது பேத்திகளின் முறை. உங்கள் கொள்ளுப்பாட்டி பூவாயியாக இருந்தால், யாருடைய பாட்டியின் பெயரையோ கடன் வாங்காமல் மகளைப் பூவாயி என்று கூப்பிடுங்கள். பூவு என்றும் சுருக்கலாம்.

வேறு பகுதிப் பெயர் பிடித்திருந்தால் வைக்கக்கூடாதா? வைக்கலாம். அந்தப் பெயர் புழங்கிய வீட்டில் அதை எப்படி உச்சரித்தார்கள், யாருக்கு வைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வையுங்கள்.

இஸ்லாமிய, கிறித்தவத் தமிழ் வீடுகளில் பழைய செல்லப்பெயர்கள்?

பாத்திமாவைப் பாத்து, பாத்துமுத்து என்று கொஞ்சிய பாட்டிமார் உண்டு. முத்து, நாச்சியா, கண்ணு எல்லாம் தமிழ் முஸ்லிம் வீடுகளில் இயல்பாகப் புழங்கியவை. கிறித்தவ வீடுகளில் ஞானம், அற்புதம், கிருபை, அருள் என்று தமிழ்ச்சொல்லே பெயராக நின்றது. அன்னா என்ற புனிதையின் பெயர் அன்னம்மாளாகி, அன்னம் என்று கூப்பிடும்போது பறவையும் ஆயிற்று, உணவும் ஆயிற்று. இரண்டு மரபுக்கும் ஒரே நேரத்தில் சொந்தமான இப்படிப்பட்ட பெயர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு பெயர் பிடித்திருக்கிறது. சரியா என்று எப்படிச் சோதிப்பது?

காகிதத்தில் எழுதிப் பார்க்காதீர்கள், கூப்பிட்டுப் பாருங்கள். செல்லப்பெயர் என்பது விளிப்பதற்கே உரிய சொல். தமிழ் இலக்கணமே கூப்பிடுவதைத் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறது. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயல் இருக்கிறது. பெயரின் கடைசி இகரம் கூப்பிடும்போது ஈகாரமாகும், ஐகாரம் ஆய் ஆகும் என்கிறது. இன்றும் அதுதான் நடக்கிறது: வள்ளி என்ற பெயர் தூரத்துக்குப் போகும்போது வள்ளீ ஆகிறது. கோதை அந்தக் காலத்தில் கோதாய் ஆனாள். உகரமும் நீளும், ருக்கூ என்று. ஆனால் தங்கம், அன்னம், மரகதம் போன்றவை வாய் மூடி மகரத்தில் முடிவதால் தூரம் போகாது. அதனால்தான் அவற்றோடு அம்மாவைச் சேர்த்துத் தங்கம்மா, அன்னம்மா, மரகதம்மா என்று கூப்பிட்டார்கள். மாடியிலிருந்து வாசலுக்கு ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். பிறகு தூங்கும் குழந்தையின் காதோரம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கோபத்தில் எப்படிக் கேட்கும் என்றும் பாருங்கள். மூன்றிலும் நிற்கிற பெயர் நல்ல பெயர்.

அடுத்தது முறைப்பெயரோடு சேர்த்துப் பார்ப்பது. அவள் என்றைக்கும் குழந்தையாக இருக்கப்போவதில்லை, யாருக்கோ அக்காவாகவும் அத்தையாகவும் சித்தியாகவும் ஆவாள். ருக்கு அக்கா ருக்கக்கா ஆவாள், சரசு அக்கா சரசக்கா, பட்டு அத்தை பட்டத்தை. கடைசி உகரம் குற்றியலுகரம் என்பதால் அடுத்த உயிருக்கு இடம்விட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வள்ளியக்கா, பொன்னியத்தை என்றால் நடுவில் ஒரு யகரம் வந்து கைகோக்கிறது. அலமுவும் ஜானுவும் எழுத்தில் அலமுவக்கா, ஜானுவக்கா ஆனாலும் வாய் அலமக்கா, ஜானக்கா என்றே சொல்லும். பழைய செல்லப்பெயர்கள் இப்படி உறவுச்சொல்லோடு உருகிச் சேர்வதற்கென்றே செய்தவை போலிருக்கும். டிங்கு அத்தை, பப்ளி சித்தி என்று சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இரண்டு வாரம் புழங்கவிட்டு முடிவு செய்யுங்கள். நீங்கள் அறியாமலே வாய் வேறொரு பெயருக்குப் போனால், போகிற பெயர்தான் அவளுடையது.

இரண்டு பெயர் இருந்தால் குழந்தை குழம்பாதா?

குழம்பாது. ஏறக்குறைய நாலரை மாதத்திலேயே குழந்தைகள் தங்கள் பெயரின் ஒலியை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்துக் கவனிக்கின்றன என்று 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த வயதில் அது பெயர் என்று தெரியாது, அடிக்கடி கேட்ட ஒலி என்று மட்டும் தெரியும். அதனால் முதல் ஒரு வருஷம் எல்லோரும் ஒரே செல்லப்பெயரைச் சொல்வது உதவும். தாத்தா ஒன்று, அத்தை ஒன்று, அப்பா நாளுக்கு ஒன்று என்று போனால் பிடிபடக் கொஞ்சம் நாளாகும்.

ஒன்பது மாத வாக்கில் பெயர் சொன்னால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா என்று மருத்துவர் கேட்பார். அப்போது வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பதிவேட்டுப் பெயருக்கு அது திரும்பவில்லையே என்று பயப்படாதீர்கள். வீட்டுப் பெயருக்கும் திரும்பாமலே இருந்தால் மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள்.

மூத்த குழந்தைக்குத் தங்கையின் பெயரே வாயில் வரவில்லை!

அது பாக்கியம். ரகரமும் ழகரமும் ளகரமும் சின்னப் பிள்ளைகளுக்கு மெதுவாகத்தான் வரும். மகரம், பகரம், நகரம், தகரம் முதலிலேயே வந்துவிடும். இரண்டரை வயது அண்ணன் தங்கையின் பெயரை எப்படி உடைக்கிறானோ அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் தேடுகிற செல்லப்பெயரை அவன் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

செல்லப்பெயரையே சான்றிதழில் எழுதலாமா?

வள்ளி, கோதை, பொன்னி, அன்னம், முல்லை, செல்லம்மாள் தனியே நிற்கக்கூடிய பெயர்கள், தாராளமாக எழுதலாம். ருக்கு, காமு, பட்டு போன்றவற்றை எழுத வேண்டாம் என்பேன். அவற்றின் இனிமையே அவை எல்லோருக்கும் கிடைக்காது என்பதில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது பட்டுவும் பத்துவும் ஒன்றாகிப்போகும் அபாயமும் உண்டு.

இணையத்தில் அந்தப் பெயரோடு படம் போடலாமா?

வேண்டாம். கடவுச்சொல்லை மறந்தவர்களிடம் கேட்கும் பாதுகாப்புக் கேள்விகளில் 'சிறுவயதுச் செல்லப்பெயர் என்ன' என்பதும் ஒன்று. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை நம்பிவிடவும் கூடும்.

வளர்ந்தபின் அவளுக்குப் பிடிக்காமல் போனால்?

தோழிகள் முன்னால் அப்படிக் கூப்பிடாதே என்று ஒன்பது பத்து வயதில் பெரும்பாலும் சொல்வாள். உடனே நிறுத்திவிடுங்கள், கேலி செய்யாதீர்கள். வீட்டுக்குள் மட்டும் கூப்பிடலாமா என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். விட்டுவிட்ட பெயரை இருபது வயதில் அவளே கேட்டு வாங்கிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். வெளியூர் போன பெண், அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, பழையபடி கூப்பிடேன் என்றாள்.

எல்லாம் படித்தோம். ஒன்றும் அமையவில்லை. இன்னும் 'பாப்பா' என்றே கூப்பிடுகிறோம்.

அப்படியென்றால் பெயர் வைத்தாயிற்று. என் பாட்டியும் பாப்பாதான். ஆறு பிள்ளைகள் பிறந்தபின், பதினாறு பேரப்பிள்ளைகள் வந்தபின், எண்பத்திரண்டு வயதிலும் பாப்பா. அவருடைய அண்ணன் தடியூன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்று 'பாப்பா' என்பார். அந்த வீட்டில் அப்போது கைக்குழந்தைகள் இரண்டு இருந்தன. ஆனால் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வருவார்.